இரண்டு ஆசிரியர்களின் பழைய வழக்கு



1776 மார்ச் மாதம் இங்கிலாந்தில் ஒரு மாதப் பத்திரிகையின் ஆசிரியர் உட்கார்ந்து கணக்குப் போட்டார். மனிதன் நொடிக்கு ஒரு பாவம் செய்கிறான் என்று வைத்துக்கொண்டால், பத்து வயதில் அவன் பேரில் எவ்வளவு ஏறியிருக்கும்? இருபதில் எவ்வளவு? எண்பதில் எவ்வளவு? எண்பது வயதுக்கு அவருக்கு வந்த தொகை 252 கோடியே 28 லட்சத்து 80 ஆயிரம். நானும் கால்குலேட்டரில் தட்டிப் பார்த்தேன். சரியாகத்தான் வருகிறது, லீப் வருஷங்களை மட்டும் விட்டிருக்கிறார். இங்கிலாந்தின் தேசியக் கடன் பற்றிய கேள்வி பதிலை ஒட்டித்தான் இந்தப் பாவக் கடன் கணக்கு வந்தது. இத்தனை பெரிய கடனை யாரால் அடைக்க முடியும் என்று கேட்டு, அடைத்தவர் ஒருவர் இருக்கிறார் என்று சொல்லி, கட்டுரையின் கடைசியில் நான்கு சரணங்களில் ஒரு பாட்டையும் வைத்தார்.

அந்தப் பாட்டு உங்களுக்குத் தெரியும். 'பிளவுண்ட மலையே' என்று நாம் பாடுவது அதன் தமிழ் வடிவம். எழுதியவர் அகஸ்டஸ் டாப்ளடி. பத்திரிகையின் பெயர் 'காஸ்பல் மேகஸின்'. இடி மழையில் ஒரு பாறைப் பிளவில் ஒதுங்கியபோது, கீழே கிடந்த சீட்டுக்கட்டு அட்டையில் இதை எழுதினார் என்று ஓய்வுநாள் பள்ளியில் ஒரு கதை சொல்வார்கள். அதற்கு ஆதாரம் கிடையாது. எனக்கென்னவோ அட்டைக் கதையைவிடக் கணக்குக் கதைதான் பிடித்திருக்கிறது. இதழ் அச்சுக்குப் போகிற அவசரத்தில் பக்கத்தை நிரப்புகிற ஆசிரியரின் முகம் அதில் தெரிகிறது.

டாப்ளடி தீவிரமான கால்வினிஸ்ட். ஜான் வெஸ்லியைக் கண்டால் அவருக்கு ஆகாது. வெஸ்லியும் சும்மா இருக்கவில்லை. 1778 ஜனவரியில், தம் 74ஆம் வயதில், அவரும் ஒரு மாதப் பத்திரிகை தொடங்கினார். பெயரிலேயே சண்டைக்குக் கூப்பிட்டார்: 'ஆர்மினியன் மேகஸின்'. (ஆர்மீனியா நாட்டுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஆர்மினியஸ் என்பவர் ஹாலந்துக்காரர்.)

இந்தப் பழைய வழக்கை இப்போது ஏன் எடுக்கிறேன் என்றால், சென்ற இதழில் ரோமர் ஒன்பதாம் அதிகாரத்தைப் பற்றி வந்த வேதபாடக் கட்டுரைதான் காரணம். அதற்கு வந்த கடிதங்கள் என் மேஜையில் ஒரு கட்டாகக் கிடக்கின்றன. "ஆண்டவரைக் கொடுங்கோலன் ஆக்குகிறீர்கள்" என்று சிலர். "இப்போதாவது சத்தியத்தைப் போட்டீர்களே" என்று சிலர். போதகர்கள் இருவர் ஒருவரையொருவர் பெயர் சொல்லியே திட்டியிருக்கிறார்கள். அவற்றை அச்சிடப் போவதில்லை. இவற்றுக்கு நடுவில் ஒரு தாய் எழுதிய அரைப் பக்கக் கடிதமும் இருந்தது. மகன் சபைக்கு வருவதை நிறுத்திப் பல வருஷமாகிவிட்டதாம். கட்டுரையைப் படித்துவிட்டு, என் பிள்ளை தெரிந்துகொள்ளப்பட்டவன் இல்லையோ என்று கேட்டிருக்கிறார். மற்ற எல்லாக் கடிதங்களையும்விட அந்த அரைப் பக்கம்தான் என்னை உட்காரவைத்து எழுதச் சொன்னது.

முதலில் வழக்கு என்ன என்பதைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன். பாவத்தில் விழுந்த மனிதன் தன் பலத்தால் கடவுளிடம் திரும்ப முடியாது என்பதில் இரண்டு தரப்புக்கும் தகராறு இல்லை. பலர் இந்த இடத்திலேயே தடுக்கி விழுகிறார்கள். ஆர்மினியன் என்றால் 'என் முயற்சியால் நான் இரட்சிக்கப்பட்டேன்' என்கிறவர் என்று நினைத்துக்கொள்கிறார்கள். அப்படிச் சொன்னால் வெஸ்லி எழுந்து வந்து சண்டை போடுவார். கேள்வி அதற்கு அடுத்த படியில் இருக்கிறது. திரும்ப முடியாதவன் எப்படித் திரும்புகிறான்? ஒரே பிரசங்கத்தைக் கேட்ட இரண்டு பேரில் ஒருவன் அழுது மனந்திரும்புகிறான், மற்றவன் கொட்டாவி விடுகிறான். இந்த வித்தியாசம் எங்கிருந்து வந்தது?

கடவுளிடமிருந்து என்பார் கால்வினிஸ்ட். உலகம் உண்டாகும் முன்பே அவர் சிலரைத் தெரிந்துகொண்டார். அவர்களிடம் இருந்த, இருக்கப்போகிற எந்த நன்மையையும் பார்த்து அல்ல, தம் சித்தத்தினால் மட்டுமே. முன்குறித்தல் என்பது இதுதான். கிறிஸ்துவின் மரணம் அவர்களை நிச்சயமாக மீட்டது. ஆவியானவர் அவர்கள் உள்ளத்தைப் புதிதாக்குகிறார், புதிதான உள்ளம் அவரை விரும்பியே வருகிறது, வந்தவர் கடைசிவரை காக்கப்படுகிறார். இங்கே மனிதன் பொம்மை அல்ல என்பதைக் கவனிக்க வேண்டும். அவன் தன் விருப்பப்படிதான் நடக்கிறான். விருப்பத்தையே மாற்றுகிறவர் கடவுள் என்பதுதான் வாதம்.

ஆர்மினியனோ, கடவுள் எல்லாரும் இரட்சிக்கப்பட விரும்புகிறார், கிறிஸ்து எல்லாருக்காகவும் மரித்தார் என்பதிலிருந்து தொடங்குவார். மனிதன் ஓரடி எடுத்துவைக்கும் முன்பே கிருபை அவனை முந்திக்கொண்டு வந்து, செத்துக் கிடந்த சித்தத்துக்கு உயிர் கொடுக்கிறது. அந்த உயிரைக்கொண்டு அவன் வரலாம், வராமலும் இருக்கலாம். யார் விசுவாசிப்பார்கள் என்பதைக் கடவுள் முன்னமே அறிந்திருக்கிறார். அப்படி அறிந்தவர்களைத்தான் தெரிந்துகொண்டார். வந்தவன் விலகிப்போய்விட முடியுமா என்ற கேள்வியை ஆர்மினியஸ் முடிவாகச் சொல்லாமல் விட்டார். முடியும், ஆகையால் எச்சரிக்கை என்றார் வெஸ்லி.

ரோமர் ஒன்பதும் எபேசியர் ஒன்றும் கால்வினிஸ்ட் பக்கம். முதலாம் தீமோத்தேயு இரண்டும் எபிரெயர் ஆறும் ஆர்மினியன் பக்கம். நானூறு வருஷமாக இரு தரப்பும் மற்றவரின் வசனங்களுக்கு விளக்கம் எழுதிக்கொண்டிருக்கிறார்கள்.

நம்மில் சிலருக்கு உடனே வைணவத்தின் குரங்குக்குட்டியும் பூனைக்குட்டியும் ஞாபகம் வரும். குட்டி தாயை இறுகப் பற்றிக்கொள்ள வேண்டும் என்பது வடகலை, தாய்ப்பூனையே குட்டியைக் கவ்விக்கொண்டு போகும் என்பது தென்கலை. கல்லூரி நாட்களில் நானும் இந்த உவமையைச் சொல்லிப் பெருமைப்பட்டதுண்டு. ஆனால் அது பாதி வழிதான் வருகிறது. பூனை ஒரு குட்டியைத் தூக்கிக்கொண்டு இன்னொன்றை ஏன் விட்டுப்போகிறது என்பது அங்கே முதல் கேள்வி அல்ல. கால்வினிசத்தில் கத்தி விழுகிற இடமே அதுதான். வெஸ்லியின் குட்டிக்கும் தானாகப் பற்றிக்கொள்ளக் கைவலு கிடையாது. பிடிக்கிற வலுவையும் தாய்தான் தரவேண்டும்.

வெஸ்லி தம் பத்திரிகையின் தொடக்கத்திலேயே ஆர்மினியஸின் வாழ்க்கையையும் டார்ட் மாமன்றத்தின் கதையையும் போட்டார். எதிராளியின் கைகளில் இருந்த இரத்தத்தை முதலில் காட்டிவிடுவது நல்லது என்று நினைத்திருப்பார் போல. ஆர்மினியஸ் ஆம்ஸ்டர்டாமில் போதகராக இருந்து, 1603இல் லைடன் பல்கலைக்கழகத்துக்குப் பேராசிரியராகப் போனவர். அங்கே அவருடைய சகபேராசிரியர் கொமாரஸே அவருக்குப் பெரிய எதிரி. 1609இல் ஆர்மினியஸ் இறந்தார். அடுத்த ஆண்டு அவர் வழி வந்த போதகர்கள் ஐந்து அம்சங்களில் தங்கள் கருத்தை எழுதி அரசிடம் கொடுத்தார்கள். நாம் 'கால்வினிசத்தின் ஐந்து அம்சங்கள்' என்று மனப்பாடம் செய்கிறோமே, அது உண்மையில் இந்த ஐந்துக்குக் கொடுக்கப்பட்ட பதில். கால்வின் 1564இலேயே இறந்துவிட்டார். தம் பேரில் ஐந்து அம்சங்கள் இருப்பது அவருக்குத் தெரியாது.

அந்தப் பதிலைக் கொடுத்தது, 1618 நவம்பரிலிருந்து 1619 மே வரை டார்ட்ரெக்ட் நகரத்தில் கூடிய மாமன்றம். இங்கிலாந்திலிருந்தும் ஜெர்மன், சுவிஸ் பகுதிகளிலிருந்தும் பிரதிநிதிகள் வந்திருந்தார்கள். ஆர்மினியஸின் ஆட்கள் பேச்சாளர்களாக அல்ல, குற்றவாளிகளைப் போல வரவழைக்கப்பட்டு, ஜனவரியில் வெளியே அனுப்பப்பட்டார்கள். பின்னால் அரசியலும் இருந்தது. இளவரசர் மாரிஸ் ஒரு பக்கம், நாட்டின் முதுபெரும் அரசியல்வாதி ஓல்டன்பார்னபெல்ட் எதிர்ப்பக்கம். மாமன்றத்தின் தீர்ப்பு முடிந்த நான்காம் நாள், மே 13 அன்று, 71 வயது ஓல்டன்பார்னபெல்ட்டின் தலையை ஹேக் நகரில் வெட்டினார்கள். அவர் தரப்பில் நின்ற சட்ட மேதை ஹியூகோ க்ரோஷியஸுக்கு ஆயுள் சிறை. கோட்டைச் சிறைக்குள் அவருக்குப் படிக்கப் புத்தகங்கள் பெட்டி பெட்டியாக வந்துபோகும். 1621 மார்ச்சில் மனைவி அவரையே அந்தப் பெட்டிக்குள் படுக்கவைத்து மூடி அனுப்பிவிட்டார். காவலர்கள் தூக்கிக் கொடுக்க, பணிப்பெண் ஒருத்தி பெட்டியோடு கூடவே போய்க் கரை சேர்த்தாள். முன்குறித்தலைப் பற்றிய சரித்திரத்தில் எனக்குச் சிரிப்பு வருகிற ஒரே இடம் இது.

இங்கிலாந்தில் கத்தி இல்லை, பேனாதான். அங்கே இந்த வழக்கைத் தொடங்கியவர்கள் எதிரிகள் அல்ல, நண்பர்கள். ஜார்ஜ் விட்ஃபீல்டும் வெஸ்லி சகோதரர்களும் ஆக்ஸ்ஃபோர்டில் ஒன்றாக ஜெபித்தவர்கள். 1739இல் பிரிஸ்டல் வெட்டவெளியில் பிரசங்கிக்க வெஸ்லியைத் தள்ளிவிட்டவரே விட்ஃபீல்டுதான். அதே ஆண்டு அதே ஊரில் வெஸ்லி 'இலவச கிருபை' என்ற பிரசங்கத்தைச் செய்து அச்சிலும் போட்டார். முன்குறித்தல் போதனையைக் கடுமையாகத் தாக்கும் பிரசங்கம் அது. அச்சிடலாமா வேண்டாமா என்று சீட்டுப் போட்டுப் பார்த்துத்தான் முடிவு செய்தார். விட்ஃபீல்டு கால்வினிஸ்ட், அப்போது அமெரிக்கா போகிற வழியில் இருந்தார்.

1741 பிப்ரவரி முதல் தேதி நடந்ததை மெதுவாகச் சொல்லவேண்டும். லண்டனில் பழைய பீரங்கி வார்ப்படச் சாலை ஒன்றை வெஸ்லி கூடுமிடமாக மாற்றியிருந்தார். அன்று ஆராதனைக்கு வருகிறவர்களின் கையில் வாசலிலேயே யாரோ ஒரு துண்டுப் பிரசுரத்தைத் திணித்துக்கொண்டிருந்தார்கள். பார்த்தால், விட்ஃபீல்டு வெஸ்லிக்கு எழுதிய தனிக்கடிதம். எழுதியவர் அனுமதியும் இல்லாமல், பெற்றவர் அனுமதியும் இல்லாமல் யாரோ அச்சடித்துவிட்டார்கள். வெஸ்லி ஒரு பிரதியைக் கையில் எடுத்துக்கொண்டு பிரசங்க மேடைக்குப் போனார். விஷயத்தைச் சொல்லி, விட்ஃபீல்டு இங்கே இருந்தால் என்ன செய்வாரோ அதையே நான் செய்கிறேன் என்று எல்லார் முன்னிலையிலும் அதைக் கிழித்துப் போட்டார். கூட்டத்திலிருந்தவர்களும் கிழித்தார்கள். இரண்டு நிமிஷத்தில் முழுப் பிரதி ஒன்றுகூட மிஞ்சவில்லை என்று தம் நாட்குறிப்பில் எழுதிவைத்திருக்கிறார்.

இத்தோடு சமாதானம் ஆகிவிட்டது என்று நினைத்துவிடாதீர்கள். ஜார்ஜியாவில் தம் அநாதை இல்லத்திலிருந்து விட்ஃபீல்டு எழுதிய நீண்ட பதில் அதே ஆண்டு லண்டனில் அச்சாகி வந்தது. அதில் வெஸ்லியின் சீட்டு விவகாரத்தையும் உடைத்துவிட்டார். நண்பர் நம்பிச் சொன்னதை ஊரறியச் சொல்வது தப்பு. பிற்பாடு அதற்காக அவரே வருந்தினார். சார்லஸ் வெஸ்லி தம் பங்குக்கு, கடவுளின் அன்பு எல்லாருக்கும் என்று வரிக்கு வரி அடித்துச் சொல்லும் பாட்டுப் புத்தகம் ஒன்றை வெளியிட்டார். இயக்கம் இரண்டாகப் பிரிந்தது. ஆனால் சில வருஷத்தில் இவர்கள் திரும்பவும் பேசிக்கொண்டார்கள், ஒருவர் மேடையில் மற்றவர் பிரசங்கித்தார்கள். கருத்தில் யாரும் ஒரு அங்குலம்கூட நகரவில்லை.

கிறிஸ்துமஸ் பாட்டு ஒன்றிலும் இந்த நட்பின் தடம் இருக்கிறது. 'கேள் ஜென்மித்த ராயர்க்கே' என்று டிசம்பரில் நம் பாடகர் குழு தொண்டை கிழியப் பாடுகிறதல்லவா, அதன் மூலத்தை 1739இல் எழுதியவர் சார்லஸ் வெஸ்லி. ஆனால் ஆங்கிலத்தில் இன்று உலகம் பாடுகிற முதல் வரி அவருடையது அல்ல. 1753இல் தம் பாட்டுப் புத்தகத்தில் சேர்க்கும்போது அதை மாற்றியமைத்தவர் விட்ஃபீல்டு. ஜான் வெஸ்லிக்கு மட்டும் பாட்டுகளில் கைவைப்பது பிடிக்காது. எங்கள் பாட்டுகளை யார் வேண்டுமானாலும் அச்சடித்துக்கொள்ளுங்கள், தயவுசெய்து திருத்தாதீர்கள் என்று ஒரு முன்னுரையில் கேட்டுக்கொண்டார். கவிதை அனுப்புகிற நம் வாசகர்களும் இதையேதான் எனக்கு எழுதுகிறார்கள். விட்ஃபீல்டு திருத்தியது நல்ல திருத்தம் என்பதே என் கட்சி.

1770 செப்டம்பர் 30இல் விட்ஃபீல்டு அமெரிக்காவில் நியூபரிபோர்ட் என்ற ஊரில் இறந்தார். நம்மில் யார் பிந்துகிறாரோ அவர் மற்றவருக்கு அடக்கப் பிரசங்கம் செய்யவேண்டும் என்பது இருவருக்கும் இடையே இருந்த பேச்சு. நவம்பரில் லண்டனில், விட்ஃபீல்டு கட்டிய ஆலயத்தில், வெஸ்லி அதை நிறைவேற்றினார். நண்பரின் விசுவாசத்தின் அடிப்படை மறுபிறப்பும் விசுவாசத்தினால் வரும் நீதியும் என்று சொன்னார். முன்குறித்தலைப் பற்றி வாய் திறக்கவில்லை. 'காஸ்பல் மேகஸின்' அவரைச் சும்மா விடவில்லை. விட்ஃபீல்டின் உயிர்நாடியான போதனையை விட்டுவிட்டு என்ன அடக்கப் பிரசங்கம் என்று கேட்டது. எனக்கு இதில் இரு தரப்பும் புரிகிறது. சவப்பெட்டிக்கு முன்னால் வழக்காட வெஸ்லிக்கு மனம் வரவில்லை. ஆனால் செத்தவர் எதற்காக வாழ்ந்தாரோ அதைச் சொல்லாமல் மூடிவைப்பதும் மரியாதைதானா என்ற கேள்வியில் நியாயம் இருக்கிறது.

இங்கே ஒரு சிறு விலகல். விட்ஃபீல்டு ஜார்ஜியாவில் அடிமைமுறையைச் சட்டமாக்க வேண்டும் என்று வாதாடியவர், தாமும் அடிமைகளை வைத்திருந்தவர். வெஸ்லி 1774இல் அடிமைமுறையை எதிர்த்து எழுதினார். இதைக் காட்டி, பார்த்தீர்களா கால்வினிசத்தின் கனியை என்று எழுதியிருக்கிறார் ஒரு வாசகர். அடிமைக் கப்பலின் தலைவராக இருந்துவிட்டு, 1788இல் அந்த வியாபாரத்துக்கு எதிராகச் சாட்சி எழுதிய ஜான் நியூட்டனும் கால்வினிஸ்ட்தான் ஐயா.

சரி, டாப்ளடிக்கு வருவோம். இவர் அயர்லாந்தில், பதின்வயதில், ஒரு களஞ்சியக் கொட்டகையில் மனந்திரும்பியவர். அன்று அங்கே பிரசங்கித்தவர் வெஸ்லியின் ஆள்! பிற்பாடு கால்வினிசத்துக்கு வந்து, டெவன் பகுதியில் குருவானவராக இருந்தார். 1769இல், சான்கியஸ் என்ற இத்தாலிய இறையியலாளர் முன்குறித்தலைப் பற்றி லத்தீனில் எழுதிய நூலை ஆங்கிலத்தில் கொண்டுவந்தார். மறு ஆண்டு வெஸ்லி அதைச் சுருக்கி ஒரு சிறு பிரசுரமாகப் போட்டார். சுருக்கியது குற்றமில்லை, அந்தக் காலத்தில் எல்லாரும் செய்ததுதான். கடைசிப் பத்தியை வெஸ்லியே எழுதிச் சேர்த்தார். இருபதில் ஒருவர் தெரிந்துகொள்ளப்பட்டவர், பத்தொன்பது பேர் தள்ளப்பட்டவர். முதல் வகை என்ன செய்தாலும் மோட்சம், இரண்டாம் வகை என்ன செய்தாலும் நரகம். இதை நம்பு, இல்லையேல் நாசமாய்ப் போ என்பது அதன் சாரம். கீழே டாப்ளடியே கையெழுத்துப் போட்டதுபோல அவர் பெயரின் முதலெழுத்துகளை வைத்தார்.

இருபதில் ஒன்று என்ற கணக்கை டாப்ளடி எங்கும் சொல்லவில்லை. குழந்தைப் பருவத்தில் இறக்கிற அத்தனை பேரும் மீட்கப்பட்டவர்களே என்று நம்பியவர் அவர். 'என்ன செய்தாலும்' என்பதும் எந்தக் கால்வினிஸ்டும் ஒப்புக்கொள்ளாத வாசகம். தெரிந்துகொள்ளப்பட்டவன் பரிசுத்தமாக வாழ்வான் என்பது அவர்கள் போதனையின் ஒரு பகுதி. டாப்ளடி கொதித்துவிட்டார். வேறு விஷயத்தில் இப்படிப் போலிக் கையெழுத்துப் போட்டிருந்தால் நாடுகடத்தியிருப்பார்கள், தூக்கிலும் போட்டிருப்பார்கள் என்று எழுதினார். அப்புறம் அவரும் தரம் தாழ்ந்தார். வெஸ்லியைக் கிழநரி என்றார். வெஸ்லிக்காகப் பதில் எழுதிய தாமஸ் ஆலிவர்ஸ் செருப்புத் தைத்தவர் என்று கேலி செய்தார். வெஸ்லியோ, புகைபோக்கி சுத்தம் செய்கிறவனோடு மல்லுக்கட்டினால் நம் மேல்தான் கரி ஒட்டும் என்கிற தோரணையில் ஒதுங்கிக்கொண்டார். செருப்புத் தைப்பதையும் கரி துடைப்பதையும் வசவாக்கியதில் இரண்டு குருமாரும் ஒன்றுபட்டுவிட்டார்கள்.

நான் வெஸ்லி பக்கம் சாய்கிறவன் என்பதை நீண்டநாள் வாசகர்கள் அறிவார்கள். அதனாலேயே சொல்கிறேன்: டாப்ளடியின் அத்தனை வசவையும்விட அந்தக் கடைசிப் பத்திதான் பெரிய குற்றம். வசவு வசவென்று தெரிந்துவிடும். எதிராளி சொல்லாததை அவர் வாயில் வைத்து, அவர் கையெழுத்தையும் போட்டால், படிக்கிறவனுக்கு எப்படித் தெரியும்? என் மேஜையில் கிடக்கும் கட்டில் பாதிக்கு மேல் அந்தப் பத்தியின் வாரிசுகள்தான். 'கால்வினிஸ்ட் சுவிசேஷம் சொல்லமாட்டான், அவனுக்கு எதற்கு?' என்கிறார்கள். 1793இல் இந்தியா வந்த வில்லியம் கேரி யார்? 'ஆர்மினியனுக்குக் கிருபை வேண்டாம், அவன் தன் கிரியையை நம்புகிறவன்' என்கிறார்கள். கிருபையை நீக்கிவிட்டால் சார்லஸ் வெஸ்லியின் பாட்டுப் புத்தகத்தில் அட்டைதான் மிஞ்சும்.

டாப்ளடியின் முடிவையும் சொல்லவேண்டும். காசநோய் முற்றிப் படுக்கையில் இருந்தார். சாகப்போகிற நேரத்தில் கொள்கை மாறிவிட்டது, வெஸ்லியிடம் அதைச் சொல்ல ஆசைப்படுகிறார் என்று லண்டனில் ஒரு வதந்தி கிளம்பியது. 1778 ஜூன் 14 ஞாயிறு அன்று, அவர் ஆரஞ்ச் ஸ்ட்ரீட் சிற்றாலயத்துக்கு வந்து மேடையேறி, என் விசுவாசத்தில் ஒரு எழுத்தையும் நான் திரும்பப் பெறவில்லை என்று அறிவித்துவிட்டுப் போனார். அதை அச்சிலும் போட்டார். ஆகஸ்ட் 11இல் இறந்தபோது வயது 37. அவருடைய உடலை அடக்கம் செய்த இடம், எட்டு வருஷத்துக்கு முன் வெஸ்லி நின்று விட்ஃபீல்டுக்காகப் பிரசங்கித்த அதே டாட்டன்ஹாம் கோர்ட் ஆலயம்.

இந்தப் பேச்சு எழும்போதெல்லாம் யாராவது சார்லஸ் சிமியோன் கதையைச் சொல்லி முடித்துவைப்பார்கள். இந்த முறையும் பல கடிதங்களில் வந்திருக்கிறது. 25 வயதுக் கால்வினிஸ்ட் சிமியோன், 1784இல், 81 வயது வெஸ்லியைச் சந்தித்துக் கேள்விமேல் கேள்வி கேட்டார். கடவுள் முதலில் உம் உள்ளத்தில் எண்ணம் வைக்காவிட்டால் நீர் அவரிடம் திரும்பியிருப்பீரா? இல்லை. உம் கிரியைகளை நம்புகிறீரா? இல்லை, கிறிஸ்துவை மட்டுமே. கடைசிவரை காப்பவரும் அவர்தானா? அவர்தான். அப்படியானால் நான் உருவிய கத்தியை உறையில் போடுகிறேன், என் கால்வினிசம் இவ்வளவுதான் என்றாராம் சிமியோன். அழகான கதை, நடந்த கதையும்கூட. ஆனால் அது வழக்கைத் தீர்க்கவில்லை. இருவருக்கும் பொதுவான இடங்களைப் பார்த்துப் பார்த்துக் கேட்டிருக்கிறார் சிமியோன். அந்தத் தாய் கேட்ட கேள்வியை அவர் கேட்கவில்லை. கடவுள் ஒருவரை ஏன் விட்டுவிட்டார் என்று கேட்டிருந்தால் கத்தி இன்னும் கொஞ்ச நேரம் வெளியே இருந்திருக்கும்.

இந்த வழக்கு நம்மை வந்தடைந்த வழியில் சிமியோனும் இருக்கிறார். 1799இல் உருவான சி.எம்.எஸ். சங்கத்தைத் தொடங்கியவர்களில் அவர் ஒருவர். அதன் மிஷனெரியாக ரேனியஸ் 1820இல் திருநெல்வேலிக்கு வந்தார். வெஸ்லியின் ஆட்கள் 1814இலேயே இலங்கையில் இறங்கி யாழ்ப்பாணத்திலும் மட்டக்களப்பிலும் வேலை தொடங்கிவிட்டார்கள். அவர்களைக் கூட்டிவந்த தாமஸ் கோக் வழியில் கப்பலிலேயே இறந்து கடலில் அடக்கம் செய்யப்பட்டார். இரண்டு வருஷம் கழித்து, கால்வின் வழிவந்த அமெரிக்க மிஷன் யாழ்ப்பாணத்துக்கு வந்தது. சென்னையில் 1837இல் பள்ளி தொடங்கிய ஜான் ஆண்டர்சன் ஸ்காட்லாந்துப் பிரெஸ்பிடீரியன். 1947 செப்டம்பர் 27 அன்று செயின்ட் ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபை உருவானபோது, ஆங்கிலிக்கன்களோடு வெஸ்லியின் பிள்ளைகளும் கால்வினின் பிள்ளைகளும் ஒரே சபையானார்கள். வேதமும் பழைய விசுவாசப் பிரமாணங்களும் போதும் என்றார்கள். முன்குறித்தலில் நீ எந்தக் கட்சி என்று யாரையும் கேட்கவில்லை. யாழ்ப்பாணத்தில் கதை வேறு. அமெரிக்க மிஷன் சபைகள் தென்னிந்தியத் திருச்சபையில் சேர்ந்தன, மெதடிஸ்டுகள் தனியாகவே இருக்கிறார்கள்.

கேட்காமல் விட்டது அன்றைக்கு ஞானம். ஆனால் அடுத்த தலைமுறைக்கு அந்தக் கேள்வியே தெரியாமல் போய்விட்டது. இன்று நம் பிள்ளைகள் அதைக் கைபேசியில், ஏதோ அமெரிக்கப் போதகரின் வாயிலிருந்து முதல்முறையாகக் கேட்டுவிட்டு, நீங்கள் ஏன் இதை எங்களுக்குச் சொல்லவில்லை என்று ஆயரைக் கேட்கிறார்கள்.

அந்தத் தாய்க்குத் தனியாகவும் எழுதியிருக்கிறேன். அதில் ஒரு பகுதி இங்கே. அம்மா, நீங்கள் பயப்படுகிற முடிவைக் கால்வினிஸ்ட் போதகர் யாரும் உங்களுக்குச் சொல்ல உரிமையில்லை. தெரிந்துகொள்ளப்பட்டவர் யார் என்பது நமக்குத் தெரியாது, ஆகையால் எல்லாரும் இரட்சிக்கப்பட வேண்டும் என்றே விரும்ப வேண்டும் என்று அகஸ்டினைக் காட்டிக் கால்வினே எழுதியிருக்கிறார். அந்த அகஸ்டின் பதினேழு பதினெட்டு வயதிலிருந்தே தாய் மோனிக்காவை அழவைத்தவர், முப்பது கடந்த பிறகே திரும்பி வந்தவர். ஆர்மினியன் போதகரைக் கேட்டால், உங்கள் மகனைக் கிருபை இன்னும் தட்டிக்கொண்டுதான் இருக்கிறது என்பார். என்னைப் போன்ற ஆர்மினியனுக்கும் ஒரு சங்கடம் உண்டு. கடவுள் யாரையும் வற்புறுத்துவதில்லை என்று மேடையில் சொல்லிவிட்டு, ராத்திரி முழங்காலில், ஆண்டவரே அவன் மனதை எப்படியாவது திருப்பிவிடும் என்றுதான் நானும் கெஞ்சுகிறேன். நீங்களும் அதையே கேளுங்கள்.

வரும் இரண்டு இதழ்களில் இந்த விவாதத்துக்கு இடம் ஒதுக்கியிருக்கிறோம். அடுத்த இதழில் கால்வினிஸ்ட் போதகர் ஒருவரும், அதற்கடுத்த இதழில் மெதடிஸ்ட் பேராசிரியை ஒருவரும் எழுதுகிறார்கள். கடிதங்களுக்கு ஒரே ஒரு நிபந்தனை. உங்கள் எதிர்த்தரப்பு என்ன நம்புகிறது என்பதை முதல் பத்தியில் எழுதுங்கள். அந்தப் பத்தியை மட்டும் வெட்டி எதிர்த்தரப்பைச் சேர்ந்த ஒருவரிடம் காட்டுவோம். 'ஆம், நாங்கள் இதைத்தான் சொல்கிறோம்' என்று அவர் ஒப்புக்கொண்டால் மீதிக் கடிதம் அச்சேறும். எவ்வளவு காரமாக மறுத்திருந்தாலும் பரவாயில்லை.

பிழை கண்டாலும் எழுதுங்கள். 1789இல் வெஸ்லி, முன்னே சொன்ன ஆலிவர்ஸைத் தம் பத்திரிகை வேலையிலிருந்து நிறுத்தினார். அச்சுப் பிழைகளைப் பன்னிரண்டு வருஷம் பொறுத்தாயிற்று, இனி முடியாது என்பது ஒரு காரணம். தம்மைக் கேட்காமல் கட்டுரையும் கவிதையும் சேர்த்துவிடுகிறார் என்பது இன்னொன்று. இதைத் தட்டச்சு செய்தபோது எங்கள் மெய்ப்புத் திருத்துபவர் என்னை நிமிர்ந்து பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. கடிதங்கள் இம்மாதக் கடைசிக்குள் வந்துசேர வேண்டும். கையால் எழுதுகிறவர்கள் தாளின் ஒரு பக்கத்தில் மட்டும் எழுதினால் அவருக்கு உபகாரமாக இருக்கும்.

அன்புடன்,
ஆசிரியர்